ஆறு பார் ஐஸ்

கோட்டைப்பட்டினம்
12.02.2025

ரியாசுதீனுக்கு, ரம்லத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் ஒரு திருத்தம். எனக்குக் கம்ப்யூட்டர் ஆகாது, அதனால்தான் என் கணவரின் அண்ணன் மகனான நீ வைத்துக்கொடுத்த மிஷினைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் நான் யாரென்று தெரியாமல் என்னிடமே ஒருத்தி இதைச் சொன்னாள். அது உண்மை இல்லை. மிஷினைக் கழற்றியது நான்தான். ஆனால் வெள்ளைத் துணியில் சுற்றி, ஒவ்வொரு ஒயரிலும் எது எங்கே சேரும் என்று சீட்டு ஒட்டி, ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் கான்வென்டில் படிப்பை முடித்த வருடமே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். இந்த ஐஸ் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னதும் நான்தான். வேண்டாம் என்றது என் கணவர், உன் சாச்சா.

உன்னை நான் வீட்டை விட்டு அனுப்பினேன் என்றும் சொல்கிறார்கள். நீயாகத்தான் போனாய். சாப்பிடாமல் போனாய்.

எட்டு மாதத்துக்கு முன் நடந்ததை நீ ஒரு மாதிரியும் உன் சின்ன சாச்சா சிராஜ் ஒரு மாதிரியும் சொல்கிறீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். 2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலில் இறங்க வேண்டும். இரண்டு மாதம் கரையில் கிடந்த படகுகள் எல்லாம் ஒரே பகலில் ஐஸ் ஏற்ற வந்தன. படகுக்கு எட்டு பார் ஐஸ்கட்டி. போனில் கேட்டவர்கள், நேரில் வந்தவர்கள் என்று 84 படகுகளுக்கு உன் மிஷின் முறை கொடுத்திருந்தது. 63 படகுக்கு ஏற்றினோம். 21 படகுக்கு ஐஸ் இல்லை. ஸ்டோர் ரூமில் இன்னும் 96 பார் இருப்பதாகத் திரை சொன்னது. கதவைத் திறந்தால் ஆறு கிடந்தது. அந்த 21 பேரும் ஜெகதாப்பட்டினம் போய் வாங்கினார்கள். அதில் பதினான்கு பேர் இன்றுவரை அங்கிட்டேதான் வாங்குகிறார்கள்.

ஸ்டோர் பொறுப்பில் பத்தொன்பது வருடம் இருந்த நல்லதம்பியிடம் சிராஜ் அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினான். மறுநாள் காலை நீ பஸ் ஏறினாய்.

இப்போது நோட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஆபீஸில் ஒன்று, பிளாட்பாரத்தில் ஒன்று. இரண்டும் ஒரு நாளும் ஒத்துப்போவதில்லை. தூத்துக்குடி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று நம் பிளாண்டைப் பத்து வருடத்துக்குக் குத்தகைக்குக் கேட்கிறது. சிராஜ் சம்மதித்துவிட்டான். "ஒரு நா ஒழுங்கா ஐஸ் குடுக்க முடியல. பெறகு எதுக்கு மதினி நமக்குக் கம்பெனி?" என்கிறான். பாதிப் பங்கு என்னுடையது, என் கையெழுத்து வேண்டும். மே 31க்குள் முறையும் இருப்பும் தப்பாமல் காட்டும் ஏற்பாடு ஒன்று நம் ஆபீஸில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதிக் கொடுத்ததை மாற்றுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

பழையதை ஒட்டுப்போடுவாயா, புதிதாகச் செய்வாயா, முடியாது என்பாயா? வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாதே. போன வருடம் நாம் இருவரும் பேசி அனுப்பியதை யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. காகிதத்தில் எழுது.

ரம்லத் பீவி


சென்னை
21.02.2025

அன்புள்ள சாச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கையால் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. இரண்டு தாள் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது.

நீங்கள் எழுதிய எண்கள் எல்லாம் சரி. ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அன்று பிளாட்பாரத்தில் நாற்பது படகுக்காரர்கள் நிற்கும்போது சின்ன சாச்சா என்னைக் கைகாட்டி, "படிச்ச புள்ள வச்ச மிஷினு, பாத்துக்கங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் போனதற்குக் காரணம் மிஷின் இல்லை.

மிஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் டைப் அடித்துக் கொடுத்த பதினான்கு பக்கம் என்னிடம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், கம்பெனிக்கு ஐந்து ஊரில் பிளாண்ட், முந்நூறு படகு, ஊருக்கு ஒரு மேனேஜர், இரண்டு ஏற்றுமதி டிப்போ என்று இருக்கிறது. அந்தக் கம்பெனிக்குத்தான் நான் மென்பொருள் கட்டினேன். பதினொரு தனித்தனிப் பகுதியாக, ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்படி, சென்னையில் எங்கள் ஆபீஸில் பெரிய கம்பெனிகளுக்குச் செய்வது மாதிரியே. பரிசோதனையில் அது ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஆனால் அது வேலை செய்ய வேண்டிய கம்பெனி கோட்டைப்பட்டினத்தில் இல்லை.

திரும்பவும் வந்து அதே பிளாட்பாரத்தில் நிற்க எனக்கு மனமில்லை. திருச்சியில் நல்ல ஆள் ஒருவரைத் தெரியும். வேண்டுமென்றால் நம்பர் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரியாசுதீன்


கோட்டைப்பட்டினம்
04.03.2025

ரியாசுதீனுக்கு,

நோன்பு மூன்று. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

மூன்றாம் பக்கம் உன் சாச்சாவின் காகிதம். நம் காஜா மைதீன் ஐஸ் கம்பெனி மல்லிப்பட்டினம்வரை ஐந்து ஊரில் நிற்கும் என்று அவர் மவுத்தாகிக் கண்மூடுவதற்கு முந்தின வருடம் உட்கார்ந்து எழுதினார். அதைத்தான் அப்படியே டைப் அடித்தேன். இருக்கிற கம்பெனியை எழுதியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஒரு பக்கத்தை உன் கையில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி உன் பங்குக்கு வருகிறேன். இந்தப் பிளாண்டில் ஐஸ் உறையவைக்கும் கேன்களுக்கு நடுவில் ஓடி விளையாடி வளர்ந்தவன் நீ. மல்லிப்பட்டினத்தில் நமக்கு ஒரு செங்கல்கூட இல்லை என்று உனக்குத் தெரியாதா? மூன்றாம் பக்கத்தைப் படித்ததும், "சாச்சி, இது எங்கே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே. மரியாதைக்காகக் கேட்கவில்லை என்று சொல்லாதே. சென்னையில் ஒரு முதலாளி கொடுத்திருந்தால் கேட்டிருப்பாய் அல்லவா?

திருச்சி ஆள் வேண்டாம். அவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

பதினொரு பகுதி எதற்கு என்பதை எனக்குப் புரியும்படி எழுது. உன் ஆபீஸ் பாஷை வேண்டாம். நமக்கு எது பொருந்தும் என்று நானே தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் கையெழுத்து என்னுடையது.

அன்று நான் பேசாததற்குக் காரணம் உண்டு. அது மென்பொருள் சம்பந்தப்பட்டதல்ல.

ரம்லத் பீவி


சென்னை
17.03.2025

அன்புள்ள சாச்சிக்கு,

நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தெரியும், சொல்லிவிடுகிறேன். பதினொரு பகுதியாக ஒன்றைத் தனியாகக் கட்டிப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. ஆபீஸில் அப்படிக் கட்டுபவர்களுக்குத்தான் மதிப்பு. உங்கள் மூன்றாம் பக்கம் அதற்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. கேள்வி கேட்டிருந்தால் சாக்கு போய்விடும்.

இனி விஷயம். ஒரே அறை, ஒரே நோட்டு, ஒரே ஆள் என்று ஒரு ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். முறை பதிவது, ஏற்றியதைக் குறிப்பது, பில் போடுவது எல்லாம் அந்த நோட்டில்தான். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் எந்த நேரத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

இன்னொன்று, பதினொரு அறை உள்ள ஆபீஸ். அறைக்கு ஒரு நோட்டு, அறைக்கு ஒரு ஆள். ஒருவருக்கொருவர் சீட்டு அனுப்பிக்கொள்வார்கள். ஒரு அறையைப் பூட்டினாலும் மற்ற அறைகளில் வேலை நடக்கும். ஐந்து ஊரில் பிளாண்ட் இருந்தால் இதுதான் சரி. ஆனால் சீட்டு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு அறையும் தன் நோட்டையே நம்பிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒத்துப்போய்விடும் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். துணி விற்கிறவருக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிதில்லை.

அன்று பகல் பதினொரு மணிக்குப் படகுத்துறை ஜெட்டியில் எல்லாரும் முறை பதியப் போனை எடுத்தார்கள். சிக்னல் படுத்துவிட்டது. நேரில் வந்த ஒன்பது படகுக்குப் பிளாட்பாரத்தில் முறை கொடுத்த செய்தி, போனில் முறை பதியும் அறைக்கு நாற்பது நிமிடம் போய்ச் சேரவில்லை. அதே ஐஸை அது வேறு ஒன்பது படகுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டது. பிறகு இரண்டு நோட்டும் ஒத்துப்போனது உண்மைதான். அதற்குள் ஐஸ் படகில் ஏறிவிட்டது.

ஆக 21 படகில் ஒன்பது என் தவறு. மீதிப் பன்னிரண்டைப் பற்றி நான் எட்டு மாதமாக யோசிக்கவே இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன்.

ஸ்டோர் ரூமில் பன்னிரண்டு படகுக்கான 96 பார் இருக்க வேண்டும், 6 இருந்தது. குறைவு 90. உருகிப்போனதாக இருக்காது. உருகினால் பார் இளைக்கும், எண்ணிக்கை குறையாது. நாம் மிஷினில் எண்ண ஆரம்பித்தது போன வருடம் மே 31. ஜூன் 14 வரை பதினைந்து நாள். 90ஐப் பதினைந்தால் வகுத்தால் மிச்சமில்லாமல் ஆறு வருகிறது. வெள்ளிக்கிழமை, லீவு நாள், கரண்ட் போன நாள் என்று எதற்கும் விலக்கில்லாமல், நாளுக்கு ஆறு பார். திருடுகிறவன் இவ்வளவு ஒழுங்காகத் திருடமாட்டான் சாச்சி. இது யாரோ சொல்லி நடந்த வேலை.

புதிதாகக் கட்டுவது பற்றி யோசிக்கிறேன். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். கம்பெனியில் எது ஒரு நிமிடம்கூடத் தவறாக இருக்கக் கூடாது? எது ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை? மென்பொருளுக்குத் தெரியாமல் ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே போகிறது என்ன?

ரியாசுதீன்


கோட்டைப்பட்டினம்
22.03.2025

ரியாசுதீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வகுத்தது சரி. பெருநாள் முடிந்து எழுதுகிறேன்.

ரம்லத் பீவி


சென்னை
03.04.2025

அன்புள்ள சாச்சிக்கு,

பெருநாள் வாழ்த்து. போன் செய்யலாமா என்று நினைத்தேன். காகிதத்தில்தான் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

உங்களை அவசரப்படுத்தவில்லை. அந்த ஆறு யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டியதில்லை, எனக்கும் வேண்டியதில்லை. எவ்வளவு என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று மாலை சின்ன சாச்சா கேட்டார் என்று ஒரு ரிப்போர்ட் எழுதினேன். அதில், 'ஸ்டோரில் 90 பார் குறைவு, ஸ்டோர் ஊழியரின் தவறாக இருக்கலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் அவர் நல்லதம்பி அண்ணனிடம் சாவியை வாங்கினார். நான் எண்ணிப் பார்க்காமல் எழுதினேன். இப்போது எண்ணிவிட்டேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா? அந்த வரியை அடித்து எழுதி அனுப்ப அவருடைய விலாசம் வேண்டும்.

ரியாசுதீன்


கோட்டைப்பட்டினம்
19.04.2025

ரியாசுதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இது நீளமான கடிதம். நான்கு நாளாக எழுதுகிறேன். தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. ஆபீஸில் வேலை குறைவு.

உன் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

உன் சாச்சா மவுத்தான பிறகு நான்கு மாதம் பத்து நாள் நான் இத்தா இருந்தேன். வெளியே போகவில்லை, வெளி ஆண்கள் யாரையும் பார்க்கவில்லை. தினமும் காலையில் பின்வாசல் படியில் இலையில் சுற்றி மீன் இருந்தது. ஒரு நாள் நாலு சங்கரா, ஒரு நாள் ஒரு கை நெத்திலி. யார் வைத்தது என்று ஒரு குரல்கூடக் கேட்டதில்லை. இத்தா முடிந்த பிறகு நல்லதம்பியிடம் விசாரித்தேன். கூடையில் மீனெடுத்து அறந்தாங்கி பஸ்ஸில் கொண்டுபோய் விற்கிற பெண்கள் முறை போட்டு வைத்தார்களாம். அதில் பாதிப் பேர் என்னைப் போலக் கணவரை இழந்தவர்கள். ஐஸ் வாங்கக் கட்டாமல் மீனை ஈரச் சாக்கு போட்டு மூடிக்கொண்டு போகிறவர்கள்.

நேரில் போய் நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு அது எப்போதுமே வராது, உனக்குத் தெரியும். அந்தப் பெண்கள் எடுத்துப்போகட்டும் என்று, தினமும் விடியுமுன் ஆறு பாரை உடைத்துப் பின்வாசல் தொட்டியில் போடும்படி நல்லதம்பியிடம் சொன்னேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்றேன். சிராஜுக்கும் தெரியாது. ஒன்பது வருடம் அப்படியே நடந்தது. உனக்குக் கொடுத்த பதினான்கு பக்கத்தில் ஐந்து ஊர் இருந்தது, இந்த ஆறு பார் இல்லை.

ஜூன் 14 அன்று கதவைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உன்னைப் போல வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நான் பேசவில்லை. தர்மத்தை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நாற்பது படகுக்காரர்கள் முன்னால் தவறு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை, அது மீதிப் பாதி. பகலில் நீ தலைகுனிந்து நின்றாய், மாலையில் நல்லதம்பி சாவியைக் கொடுத்தான். இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து ஐஸ் உடைப்பதையும் நிறுத்திவிட்டேன். உடைக்க நம்பிக்கையான ஆள் இல்லை. அந்தப் பெண்களில் ஒருத்திகூட வந்து ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நல்லதம்பியின் விலாசம் கேட்டாய். இலுப்பூருக்கு அந்தப் பக்கம் அவன் தம்பியின் நிலத்தில் கடலை போட்டுக்கொண்டிருக்கிறான். உனக்கு முன்னால் நான் போக வேண்டும் என்று பட்டது. 9ஆம் தேதி கார் எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி கண்ணாத்தாள்தான் முதலில் வெளியே வந்தாள். நின்றபடியே சொன்னாள்: "வாங்கம்மா. ஐஸ் வித்த காசுல கட்டுன மாளிகை இது. உள்ள வந்து நல்லா சுத்திப் பாத்துட்டுப் போங்க." ஒரு ஓட்டு வீடு. சுவரில் பாதிக்கு மேல் பூச்சு இல்லை. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். சொம்பைச் சத்தமாக வைத்தாள்.

நல்லதம்பி வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்திருந்தேன். அதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. "ஆறு பார் விஷயம் எனக்குத் தெரியும், நல்லதம்பி. நா சொல்லியிருக்கணும்" என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியாம இருக்குமாங்க? தெனமும் நாந்தானே ஒடைச்சேன். சொல்லாதேன்னீங்க, சொல்லல" என்றான். அவ்வளவுதான். பத்து மாதமாக அவனைத் திருடன் என்று சொன்னார்கள். அவன் செய்தது நான் சொன்ன வேலை.

கண்ணாத்தாள் விடவில்லை. "இவரு வாயத் தொறந்திருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். நா எத்தன தடவ கேட்டேன்? 'அம்மா சொல்லட்டும்'ங்குறாரு. அம்மாவுக்குச் சொல்றதுக்குப் பத்து மாசமா?" என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை.

திரும்பி வருவாயா என்று கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னான். "வாரேங்க. ஆனா அந்த மிஷினு நா சொல்றதக் கேக்கணும். அது சொன்னதக் கேட்டுத்தான் நா இங்கிட்டு வந்து கடலை போட்டுக்கிட்டு இருக்கேன்." சிரிக்காமல்தான் சொன்னான். அதற்குள் கண்ணாத்தாள் காபி கொண்டுவந்து வைத்திருந்தாள். இந்தத் தடவை டம்ளர் சத்தம் போடவில்லை.

மறுநாள் சிராஜைப் பிளாட்பாரத்துக்கு வரச் சொன்னேன். லோடுமேன்கள் இருந்தார்கள், படகுக்காரர்கள் சங்கத்திலிருந்து ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களையும் இருக்கச் சொல்லி, 90 பாரும் என் உத்தரவில் போனது, நல்லதம்பி மேலும் ரியாசுதீன் மேலும் அதில் குற்றம் இல்லை என்று சொன்னேன். எழுதி வைத்துப் படித்தேன், நடுவில் நிறுத்திவிடக் கூடாது என்று. சிராஜ் அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை படித்தான். பிறகு, "யாருக்குக் குடுத்தீங்க மதினி?" என்றான். "எவ்வளவுன்னு கேளு, சொல்றேன். யாருன்னு கேக்காதே" என்றேன். அவன் நல்லதம்பியின் சாவியை ஆபீஸ் மேஜை டிராயரிலிருந்து எடுத்துவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனான். குத்தகை விஷயத்தில் மாற்றமில்லை. மே 31 அப்படியேதான் இருக்கிறது. அது சரிதான், நான் எழுதிக் கொடுத்தது.

இனி நீ கேட்ட மற்ற இரண்டு கேள்விகள். ஒரு நிமிடம்கூடத் தவறாக இருக்கக் கூடாதது இரண்டு: அறையில் எத்தனை பார் இருக்கிறது, அடுத்த முறை எந்தப் படகு. இந்த இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நோட்டில் இருக்க வேண்டும். பில், சிராஜுக்குப் போகிற கணக்கு, ஏற்றுமதிக்காரர்கள் கேட்கிற பட்டியல் எல்லாம் ஒரு நாள் தாமதமாக வந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

ஆகையால் பதினொரு அறை வேண்டாம். ஒரே அறை. மிஷின் நம் ஆபீஸிலேயே இருக்க வேண்டும், நெட் இல்லாவிட்டாலும் முறை கொடுக்க வேண்டும். நெட் இருக்கும்போது ஒரு நகலை உன் சென்னைக்கு அனுப்பி வைத்துக்கொள்ளட்டும், மிஷினுக்குக் காய்ச்சல் வந்தால் உதவும். ஜெட்டியில் சிக்னல் படுத்துவிட்டால், போனில் கேட்கிறவர்களுக்கு 'சரி' என்று சொல்லாமல் 'காத்திருக்கவும்' என்று சொல்ல வேண்டும். இல்லாததைத் தருகிறேன் என்று சொல்வதைவிடக் காக்க வைப்பது கௌரவம். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், அதற்கு முந்தின நாள்தான் நமக்குக் கூட்டம். நாட்டுப்படகுக்காரர்கள் மற்ற நாளில் வருவார்கள், அவர்கள் முறை பதிவதில்லை, கூடையில் வாங்கிப்போவார்கள். பழைய பதினான்கு பக்கத்தில் இதுவும் இல்லை.

நல்லதம்பியின் நிபந்தனையைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்பது சரி. தினமும் காலையில் அவன் அறைக்குள் போய் எண்ணுவான். அவன் சொல்லும் எண்தான் எண். திரையில் வேறு எண் இருந்தால் திரை மாற வேண்டும். எவ்வளவு மாறியது என்பதும் ஏன் என்பதும் அன்றே பதிவாக வேண்டும், பதினைந்து நாள் கழித்து அல்ல.

இரண்டாவது பிளாண்ட் என்றைக்காவது வந்தால் என்ன செய்வாய் என்று நீ கேட்பாய். ஒரே அறையாகக் கட்டு, ஆனால் உள்ளே தடுப்புச் சுவர்களை ஒழுங்காக வை. தேவைப்பட்டால் அன்றைக்கு ஒரு சுவரில் கதவு வைத்துத் தனி வீடாக்கிக்கொள்ளலாம். உன் தொழிலில் அப்படி முடியுமா என்று எனக்குத் தெரியாது. கட்டடத்தில் முடியும். உன் சாச்சாவின் ஐந்து ஊர்க் காகிதத்தை அவருடைய மற்றக் காகிதங்களோடு வைத்துவிட்டேன். அது கம்பெனிப் பீரோவில் இருக்க வேண்டியது அல்ல.

இத்துடன் புதிதாக டைப் அடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். கூச்சமில்லாமல் அனுப்புகிறேன். கோட்டைப்பட்டினத்தில் ஒரு பிளாண்ட், எழுபது விசைப்படகு, ஒரு ஸ்டோர் ரூம், ஸ்டோர் பொறுப்பு நல்லதம்பி. கடைசி வரியை இங்கேயும் எழுதிவிடுகிறேன், நீ தவறவிடக் கூடாது: 'உடைசல்: தினம் ஆறு பார். காலை முதல் கணக்கு இதுதான், படகு முறை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். வாங்குபவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கக் கூடாது.'

நல்லதம்பி வந்துவிட்டான், நேற்றிலிருந்து தொட்டியில் மறுபடி ஐஸ் போடுகிறோம். இன்று காலை படியில் இலையில் சுற்றி இரண்டு கெளுத்தி இருந்தது. நீ வந்தால் குழம்பு வைக்கலாம். ஆனால் வருவதும் வராததும் உன் விருப்பம், நான் கேட்பது அது அல்ல.

ஒரு பக்கத்தைப் படி. இந்தக் கம்பெனிக்கு இது பொருந்துமா, மே 31க்குள் உன்னால் செய்ய முடியுமா, எதில் நான் தவறு என்று நினைக்கிறாய் என்பதைத் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, தபாலில் எழுதி அனுப்பு.

ரம்லத் பீவி